நூருங்க

விடிந்து வெகு நேரமாகியும் அந்த லாம்பு எரிந்துகொண்டிருந்தது. மின்சாரமே இல்லாத யுத்த காலம். மண்ணெண்ணெய் கிடைப்பதும் அரிது. கிரான் ஊரிலிருந்து உள்ளே தள்ளி இருந்த எங்கள் சிறிய ஆஸ்பத்திரிக்கு அன்றுதான் புதிதாக வந்திருந்த பெண் டொக்டர், பெண்கள் வாட்டின் நடுவே நின்று லாம்பைச் சுட்டிக்காட்டி, ஒவ்வோர் எழுத்தையும் எண்ணி எடுத்து வைப்பவர்போல, "தயவுசெய்து விளக்கை அணையுங்கள்" என்றார். முட்டு வருத்தத்தோடு மூச்சை இழுத்துக்கொண்டு மூலைக் கட்டிலில் கிடந்த பெண் என்னைப் பார்த்தாள். "என்ன மிஸி, லாம்பக் கட்டிப்பிடிக்கட்டாமா?" என்றாள். வாட்டு முழுதும் சிரித்தது. அவளும் சிரித்து, இருமி, திரும்பவும் சிரித்தாள்.

டொக்டர் சிங்களவர். தெற்கில் ஏதோ ஒரு கடலோர ஊர். எங்கள் பக்கத்துக்கு வர எல்லோரும் பயந்த அந்த நாட்களில், அவர் தானாகக் கேட்டு வந்தாரா, அனுப்பி வைத்தார்களா என்று நான் கடைசிவரை கேட்கவில்லை. தமிழை வகுப்பில் படித்திருந்தார். நான் அங்கே தாதியாக இருந்தேன். சிரிப்பு அடங்கியதும் அவர் கோபப்படாமல் என் பக்கம் திரும்பி, "அப்ப எப்பிடிச் சொல்றது?" என்று கேட்டார். அணை என்பது பிழையில்லை, நெருப்பை அணைப்பதற்கும் பிள்ளையை அணைப்பதற்கும் புத்தகத்தில் ஒரே சொல்தான், ஆனால் எங்கள் வீடுகளில் நாங்கள் லாம்பை நூர்ப்போம் என்று விளக்கினேன். "லாம்ப நூருங்க எண்டு சொன்னா எல்லாருக்கும் விளங்கும் டொக்டர்."

அன்றிலிருந்து அந்தச் சொல் அவர் வாயைவிட்டு இறங்கவில்லை. "டோர்ச்ச நூருங்க" என்பார். தேநீர் வேண்டுமென்றால் குசினிப் பக்கம் எட்டிப் பார்த்து, "அடுப்பு நூந்திட்டா?" என்பார். ஒரு காலை, சுற்றிப் பார்க்க வந்தபோது ஒரு தாயிடம், "பிள்ளையின்ட காய்ச்சல் நூந்திட்டா?" என்று கேட்டார். காய்ச்சல் நூராது, விடும் என்று திருத்தினேன். "ஏன் மிஸி, காய்ச்சலும் நெருப்புத்தானே" என்றார். அதற்குப் பிறகு நோயாளிகளே அவரிடம், "காய்ச்சல் நூந்திட்டு டொக்டர், நெஞ்சுக்குள்ளதான் இன்னும் எரியிது" என்று சொல்லத் தொடங்கினார்கள். சிங்களத்தைச் சோதனைச் சாவடிகளில் மட்டுமே கேட்டுப் பழகி, அந்த மொழி காதில் விழுந்தாலே அடையாள அட்டையைத் தேடும் சனங்கள் அவர்கள். அவரிடம் மட்டும் தயங்காமல் நாக்கை நீட்டிக் காட்டினார்கள்.

வறண்ட கச்சான் காற்று வீசிய ஒரு கோடை. என் கணவர் உழவு இயந்திரத்திலிருந்து விழுந்து, கால் முறிந்து, மாக்கட்டுப் போட்டு வீட்டில் கிடந்தார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஓடும் ஒழுங்கையில்தான் எங்கள் வீடு. மத்தியானம் பெரிய வீதியில் குண்டு வெடித்தது. தொடர்ந்து வெடிச்சத்தம். நோயாளிகளைக் கட்டில்களுக்குக் கீழே படுக்க வைத்தோம். சத்தம் ஓய்ந்ததும் புகை மணத்தது. எதிலிருந்து பற்றியதென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒழுங்கையின் முதல் வீடு, அந்த முட்டு வருத்தக்காரப் பெண்ணின் கிடுகு வேய்ந்த வீடு, கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது. காற்று எங்கள் வீட்டுப் பக்கம் அடித்தது.

ஒழுங்கை முகப்பில் சிப்பாய்கள் துவக்கோடு நின்றார்கள். கிணற்றடியில் சனங்கள் வாளிகளோடு அசையாமல் நின்றார்கள். நான் படலையைத் திறந்துகொண்டு ஓடினேன். ஒருவன் துவக்கை என் பக்கம் திருப்பினான். நின்றுவிட்டேன். "அவர் உள்ளுக்குக் கிடக்கார், நடக்க ஏலாது" என்று கத்தினேன். அவனுக்கு விளங்கவில்லை.

பின்னால் வந்த டொக்டர் என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்தபடியே என்னையும் இழுத்துக்கொண்டு அந்தத் துவக்கை நோக்கி நடந்தார். அவனுக்கு முன்னால் நின்று, நெருப்பையும் கிணற்றையும் காட்டி, "நிவன்ன! வத்துர கேன்ன!" என்று சிங்களத்தில் கத்தினார். உடனே கிணற்றடிப் பக்கம் திரும்பி, "நூருங்க! ஏன் நிக்கிறீங்க? நூருங்க!" என்றார். இரண்டு பக்கமும் யாரும் அசையவில்லை. பிறகு, மீசைகூட அரும்பாத ஒரு சிப்பாய் தன் துவக்கைப் பக்கத்தில் நின்றவனிடம் கொடுத்துவிட்டு, கிணற்றடிக்கு ஓடி, ஒரு பெண்ணின் கையிலிருந்த வாளியை வாங்கினான். அதற்குப் பிறகு எல்லோரும் ஓடினார்கள்.

முதல் வீட்டைக் காப்பாற்ற முடியவில்லை. எங்கள் வீட்டுக் கூரையில் ஒரு பக்கம் எரிந்தது. அந்தச் சிப்பாயும் பக்கத்து வீட்டுக்காரரும் என் கணவரைப் பலகையில் கிடத்தி வெளியே தூக்கி வந்தார்கள். "தூக்கின ஆமிக்காரப் பொடியன் ஏதோ சொல்லிச் சொல்லி வந்தான். எனக்குப் பயமா இரிந்திச்சு. மறுகா பாத்தா, அவன் அழுறான்" என்று என் கணவர் இன்றும் சொல்வார். எரிந்த கிடுகுகளை இழுத்துப் போட்டதில் டொக்டரின் இரண்டு கைகளும் வெந்திருந்தன. மருந்து பூசிக்கொண்டே, "அவங்களுக்கு என்ன சொன்னீங்க டொக்டர்?" என்று கேட்டேன். "உங்களுக்குச் சொன்னதத்தான்" என்றார்.

அடுத்த ஆண்டு அவருக்கு இடமாற்றம் வந்தது. பிறகு நாங்கள் சந்திக்கவில்லை. என் கணவர் இப்போதும் காலைச் சற்று இழுத்துக்கொண்டு வட்டைக்குப் போய் வயல் பார்த்து வருகிறார். அவர் திரும்பி வந்து படலையைத் திறக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் டொக்டரை நினைக்கிறேன். ஆனால் அந்த உயிருக்காக மட்டுமல்ல, அன்று பின்னேரம் நடந்த ஒன்றுக்காகவும் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அந்தச் சிப்பாய் துவக்கில்லாமல் வாட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளங்கைகள் கொப்பளித்திருந்தன. வீட்டை இழந்த பெண், புகையில் மூச்சுத் திணறி, அதே மூலைக் கட்டிலில் கிடந்தாள். டொக்டரால் கையை மடக்க முடியவில்லை; மருந்து கட்ட நான்தான் இருந்தேன். மத்தியானம் என் பக்கம் திரும்பிய துவக்கு இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. கட்ட மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். டொக்டர் கட்டளையிடவில்லை, கெஞ்சவுமில்லை. கட்டுப்போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்திருந்தார். முதல் நாள், "அப்ப எப்பிடிச் சொல்றது?" என்று கேட்டபோது என்னைப் பார்த்த அதே பார்வை.

நான் அவனுடைய கையை எடுத்தேன். பிறகு டொக்டரிடம், "நோகுதா எண்டு சிங்களத்தில எப்பிடிக் கேக்கிற?" என்றேன்.

அவர் சொல்லித் தந்தார். எழுத்தெழுத்தாக, தடுக்கித் தடுக்கி, நான் அவனிடம் கேட்டேன்: "ரிதெனவாத?"

அவன் தலையை நிமிர்த்தினான். "நே, அக்கே" என்றான்.

மூலைக் கட்டிலிலிருந்து குரல் வந்தது. "என்னவாம் மிஸி?"

"நோகல்லையாம். அக்கா எண்டு கூப்பிடுறான்."

அவள் மூச்சை இழுத்துக்கொண்டு கட்டிலில் நிமிர்ந்து, அவனுடைய கைகளைப் பார்த்தாள். பிறகு, "பொய் சொல்றான்" என்றாள். "கை வெந்து கிடக்கு. மெல்லமாக் கட்டுங்க மிஸி."