வைப்பினிலிருந்து வந்த மண்டபம்

என் மனைவிக்கு இழுப்பு வைகாசிக் கடைசியில் தொடங்கும். மழை பிடித்துவிட்டால் மட்டாஞ்சேரியில் எங்கள் சந்தின் இரண்டு பக்கமும் கிடங்குக் கதவுகளை இறுக மூடிவிடுவார்கள். உள்ளே மூட்டை மூட்டையாகச் சுக்கு, மிளகு, மஞ்சள். அந்தக் காரமும் ஈரமும் சுவரைத் தாண்டி எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். எனக்கும் அம்மாவுக்கும் நாலு தும்மலோடு போய்விடும். அவளுக்குத்தான் மார்புக்குள் விசில் அடிக்கும். சுவரில் சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருப்பாள். பார்க்கிறவனுக்கே களைத்துப்போகும்.

நல்ல காற்றுப் படும்படி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இந்த இடத்தை விடுங்கள் என்று டாக்டர் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். எப்படி விடுவது? நான் நாலு தெரு தள்ளி ஒரு மிளகு வியாபார ஆபீசில் குமாஸ்தா. அம்மாவோ, கல்யாணமாகி வந்த வீட்டிலிருந்து பிணமாகத்தான் வெளியே போவேன் என்று அடம்பிடிக்கிறவள். மனைவியின் அண்ணா பாலக்காட்டில் இருந்தார். அங்கே போனால் மூன்றாம் நாளே அவளுக்கு மூச்சு சரியாகிவிடும். அவளை அங்கேயே விட்டுவிடலாமே என்று அண்ணா இரண்டு முறை ஜாடையாகச் சொல்லியும் விட்டார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. எங்களுக்குக் குழந்தையும் இல்லை. அவளும் போய்விட்டால் அந்த வீட்டில் நான் யாரோடு பேசுவது?

வீட்டின் பின்பக்கம் மட்டும் காயலைப் பார்த்துத் திறந்திருந்தது. கிணறு, இரண்டு தென்னை, மிச்சம் வெறும் மணல். அங்கே நாலு பக்கமும் திறந்த கூரை ஒன்று போட்டால் பகல் முழுக்க அவள் காற்றில் இருக்கலாம் என்று தோன்றியது. எழுபதுகளின் நடுவில் இது. காயலுக்கு அக்கரையில் வைப்பின் தீவிலிருந்து தினமும் படகில் வரும் ஆபீஸ்காரர் ஒருவர், அங்கே ஒரு பழைய பங்களாவின் தோட்ட மண்டபம் விலைக்கு வருகிறது என்றார். ஆறு தூண், மேலே உத்தரங்கள், கைமரங்கள், எல்லாம் ஆஞ்சிலி மரம். ஓர் இரும்பு ஆணி கிடையாது. கழற்றி எடுத்துவந்து அப்படியே மாட்டிவிடலாம், ஒரு வாரத்து வேலை என்றார். மரவேலையைப் பற்றி ஒன்றும் தெரியாதவன் ஒரு வாரம் என்று சொன்னால் நம்பக் கூடாது என்று இப்போது தெரியும். அப்போது நம்பினேன்.

வாங்கினேன். கழற்றுவதற்கு ஓர் ஆசாரியை ஏற்பாடு செய்தேன். கழற்றிய அன்று எனக்கு லீவு கிடைக்கவில்லை. சாயங்காலம் மட்டாஞ்சேரிப் படகுக் கடவில் வள்ளம் வந்து நின்றபோதுதான் மரங்களை முதன்முதலாகப் பார்த்தேன். பார்ப்பதற்கு முன் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. பங்களா கைமாறியதிலிருந்து அந்த மண்டபத்தில் உணக்கச் செம்மீன் மூட்டைகளைத்தான் அடுக்கி வைத்திருந்தார்களாம். மரத்தின் ஒவ்வொரு இழையிலும் உலர்ந்த இறால் நாற்றம்.

அம்மா கொல்லை வாசலில் கையை விரித்து நின்றுவிட்டாள்.

"மீன் கொட்டகையைப் பிரிச்சுண்டு வந்து பிராமணாத்துல நடறேளா? நன்னாருக்கு. பூஜை பண்ற ஆத்துல இந்தக் கட்டை ஒண்ணு உள்ள வரப்படாது. தேச்சு அலம்பு. அப்பறம் பாத்துக்கலாம்."

அதில் எனக்கும் மறுப்பில்லை. இழுப்புக்காரி உட்காரும் இடம் செம்மீன் நாற்றம் அடித்தால் எப்படி? ஞாயிற்றுக்கிழமை காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். முதலில் சாணித் தண்ணீர், பிறகு சாம்பலும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்ப்பு, கடைசியில் மஞ்சள் தண்ணீர். ஒவ்வொரு கட்டையையும் புரட்டிப் புரட்டி, பாத்திரம் தேய்ப்பது மாதிரி தேய்த்தேன். மனைவி கிணற்றடியில் நின்று தண்ணீர் இறைத்துக் கொடுத்தாள்.

"ஏன்னா, நுனியில எல்லாம் வெள்ளையா கோடு கோடா இருக்கே, அது என்ன?" என்றாள்.

"காக்கா எச்சம்" என்றேன். அதையும் சேர்த்துத் தேய்த்தேன்.

மறுநாள் காலை ஆசாரி உளிப்பெட்டியோடு வந்தான். மரங்களைச் சுற்றி ஒரு நடை நடந்தான். ஒரு தூணைப் புரட்டினான், இன்னொன்றைப் புரட்டினான். பிறகு கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தான்.

"சாமி, ஞான் போட்ட அடையாளம் எவிடெ?"

"என்ன அடையாளம்?"

"சுண்ணாம்பு. ஓரோ கட்டைக்கும் ஓரோ குறி. எது எதோட சேரணும்னு."

காக்கா எச்சம் என்று நான் தேய்த்தது அதைத்தான். அம்மா உள்ளேயிருந்தே, அசுத்தத்தை அலம்பாமல் என்ன செய்வது என்று குரல் கொடுத்தாள். ஆசாரி ஒரு தூணின் தலையைத் தொட்டுக் காட்டினான். அந்தக் காலத்து வேலைக்காரர்கள் ஒவ்வொரு தூணின் தலையிலும் ஒரு குடுமி செதுக்கி, அதற்கு மட்டும் பொருந்துகிற துளையை உத்தரத்தில் போட்டிருந்தார்கள். ஒரு தூணின் குடுமி அடுத்த துளையில் நெல் கனத்துக்கு இடிக்கும். மேலே இருபத்து நாலு கைமரங்கள், அவற்றுக்கும் அதே கதை. கண்ணுக்கு எல்லாம் ஒன்று போலத்தான் இருந்தன.

"இதைக் கழுவின கையை ஞான் கும்பிடணும்" என்று ஆசாரி என்னைப் பார்த்தான். நான் மரத்தைப் பார்த்தேன்.

அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் தோள் வலிக்கிறது. பேசியிருந்த அந்த ஒரு வாரம் போனதும் ஆசாரிக்கு வேறு இடத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வருவான். இரண்டு ஆட்களை வைத்துத் தூணைத் தூக்கி நிறுத்துவோம், உத்தரத்தை ஏற்றுவோம், இடிக்கும், இறக்குவோம். வேறொன்று. ஏற்றுவோம், இடிக்கும், இறக்குவோம். சில பொருத்தங்கள் பாதி நாளில் கிடைத்தன. சில கிடைத்துவிட்டதாக நினைத்து அடுத்ததைச் சேர்க்கும்போது கிடைக்கவில்லை என்று தெரிந்தது. மூன்று ஞாயிறு இப்படிப் போயிற்று. நாலாவது ஞாயிறு வானம் இருண்டு, மழை பிடித்துக்கொண்டது. மரங்கள் ஓலைக்கு அடியில் கிடந்தன. மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு நானே அவளைப் பாலக்காட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டேன். "என் ஒருத்திக்காக ஏன் இந்தப் பாடு படறேள்" என்று ஜன்னலுக்குள்ளிருந்து சொன்னாள். அந்த மரங்களை அப்படியே காயலில் தள்ளிவிடலாம் என்றிருந்தது.

ஆவணியில் வெயில் வந்தபோது மண்டபம் ஒருவழியாக நின்றது. ஒரு தூணுக்கு மட்டும் கடைசி வரை சரியான இடம் அகப்படவில்லை. ஆசாரி ஆப்பு அடித்து நிறுத்தினான். அது கட்டைவிரல் அகலத்துக்குச் சாய்ந்தே இருந்தது. ஓடு போட்டு, தரைக்குச் செங்கல் பாவி, ஒரு கட்டிலும் போட்டு, அவளை அழைத்துவந்தேன். காயல் காற்று நேராக வந்தது. காலையில் காய்கறியோடு போய் உட்கார்ந்தால் விளக்கு வைக்கிற வரை அங்கேயே இருப்பாள். அந்த வருஷம் மார்கழியில்கூட அவளுக்கு மாத்திரை வேண்டியிருக்கவில்லை. எனக்கு அழுகையே வந்தது. அம்மாகூட வற்றல் உலர்த்த அங்கே போகத் தொடங்கினாள்.

இங்கேயே நிறுத்தியிருந்தால் நல்ல கதை. ஆனால் மரம் சும்மா இருக்காதே. பங்குனியில் ஒரு தூணின் அடியில் செல் பிடித்து மண் கோடு ஏறியிருந்தது. வருஷா வருஷம் மழைக்கு முன்னால் முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயில் மண்ணெண்ணெய் கலந்து அடிக்க வேண்டும், வள்ளத்துக்கு அடிப்பதுபோல, என்றான் ஆசாரி. கன்னங்கரேலென்று, தொட்டால் தோல் பொத்துப்போகும் எண்ணெய் அது. அதன் நெடி மூன்று வாரத்துக்குப் போகாது. முதல் தடவை அடித்த அன்றே அவளுக்கு இழுப்பு வந்துவிட்டது. நெடி போகிற வரை பாலக்காட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனாள்.

அடுத்த வருஷமும் எண்ணெய் அடித்தேன். அவளும் போனாள். பிறகு அது பஞ்சாங்கத்தில் எழுதியது மாதிரி ஆகிவிட்டது. சித்திரையில் நான் எண்ணெய் வாங்குவேன், அவள் பெட்டி கட்டுவாள். மூன்று வாரம் ஒன்றரை மாதமாயிற்று. நெடி போனதும் மழை வந்துவிடும், மழையில் எதற்கு என்று அண்ணா எழுதுவார், அதுவும் நியாயமாகத்தான் இருக்கும். எண்பதுகள் தொடங்கியபோது அவள் வருஷத்தில் நாலு மாதம் அங்கே இருந்தாள். அவள் போகாமலிருப்பதற்காகக் கட்டியது அவளை அனுப்பிக்கொண்டிருக்கிறது என்பது எந்த முட்டாளுக்கும் தெரிந்திருக்கும். எனக்கும் தெரிந்தது. எண்ணெய் அடிக்காமல் விட்டால் மரம் போய்விடுமே என்றுதான் அடுத்த நினைப்பு ஓடியது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அதன்மேல் பைத்தியம் பிடித்திருந்தது. வருகிறவர்களை எல்லாம் காபி ஆறுவதற்குள் கொல்லைக்கு இழுத்துப்போவேன். ஓர் ஆணி இல்லை பாருங்கோ என்பேன். சம்சாரத்துக்காகக் கட்டினேன் என்பேன். அவள் ஈரப் புடவையை உத்தரத்தில் போட்டால் எடுக்கச் சொல்வேன். தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு தூணில் சாய்ந்தால் கறை படும் என்று கடிந்துகொள்வேன். அவள் கொஞ்சம் தள்ளி, கட்டிலின் நடுவில் உட்கார்ந்துகொள்வாள்.

பிறகு அம்மா போனாள். சொன்னபடியே அந்த வீட்டிலிருந்துதான் போனாள். மறு வருஷம் ஆபீசையும் மூடினார்கள். எனக்குச் சேர வேண்டியதைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஒரு மத்தியானம் அவள் மண்டபத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் ஓட்டில் ஒழுகல் பார்த்துக்கொண்டு ஏணியில் நின்றேன்.

"கேட்டேளா" என்றாள். "இனிமே இங்க நமக்கு என்ன இருக்கு? அம்மாவும் போயாச்சு, ஆபீசும் இல்லை. நீங்களும் என்னோட பாலக்காட்டுக்கே வந்துடுங்கோளேன். அண்ணா ஆத்துக்குப் பக்கத்துல சின்னதா ஒண்ணு வாடகைக்கு இருக்காம்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். வயதாகிவிட்டது, இடம் மாறப் பயமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அண்ணாவின் நிழலில் இருக்கக் கூச்சம் என்று சொல்லியிருக்கலாம். இரண்டும் உண்மை. சொல்லியிருந்தால் அவள் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பாள்.

"அப்போ இதை யார் பாத்துக்கறது?" என்றேன், ஏணியில் நின்றபடி, கையால் உத்தரத்தைத் தட்டி.

அவள் நிமிர்ந்து உத்தரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கோபமோ அழுகையோ ஒன்றும் இல்லை. "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு மிச்சக் கீரையை ஆய்ந்து முடித்தாள். அன்றைக்குப் பொரியல் பண்ணினாள். எனக்குப் பிடிக்கும் என்று தேங்காய் கூடுதலாகவே போட்டிருந்தாள்.

அந்தச் சித்திரையில் நான் எண்ணெய் வாங்குவதற்கு முன்பே அவள் போய்விட்டாள். நான் மரத்துக்கு இரண்டு கை எண்ணெய் அடித்தேன். ஆடி போயிற்று, ஆவணி வந்தது. ஓணத்துக்கு வந்துவிடுவாள் என்று கட்டிலைத் தட்டிப் போட்டு வைத்தேன். கார்டுதான் வந்தது. மூச்சு நன்றாக இருக்கிறது, என்னைப் பற்றிக் கவலை வேண்டாம், நீங்கள் வேளைக்குச் சாப்பிடுங்கள் என்று எழுதியிருந்தாள். எப்போது வருகிறேன் என்று எழுதவில்லை. என்னை வரச் சொல்லியும் எழுதவில்லை. காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் வீட்டு வாசலில் நின்றிருக்கலாம். நின்றால் என்ன சொல்வது என்று யோசித்து யோசித்தே அந்த வருஷத்தைக் கழித்தேன், அதற்கு அடுத்ததையும்.