செம்மண் நிரப்பிய பன்னிரண்டு பைகள்

1953ஆம் ஆண்டு இலங்கை மலையகத்துக் கொட்டகலையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் விவசாயப் பாடம் தொடங்கினார்கள். பிள்ளைகளைப் பெற்றவர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு, பொழுது சாயும்வரை மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள் மார்கிரட். தன் மகள் சுகிர்தம் மண்வெட்டியோடு நிற்பதைப் பார்த்ததும் நேராக ஆசிரியரிடம் போனாள்.

"மண்ணு வெட்டத்தான் எங்களுக்கே தெரியுமே சார். புள்ள படிக்கட்டும்னுதானே இங்க அனுப்புறோம்."

"இது எழுதுற பாடந்தாம்மா," என்றார் வியாகுலம் மாஸ்டர்.

அவருக்கு அப்போது இருபத்துமூன்று வயது. விவசாயத்தில் அவர் பெற்றது மூன்று மாதப் பயிற்சிதான். பிள்ளைகள் கேட்ட பாதிக் கேள்விகளுக்கு அவரிடம் பதில் இல்லை. அதனால் ஆளுக்கு இரண்டு சின்னப் பாத்திகளைப் பிரித்துக் கொடுத்தார். ஒரே ஒரு காரியத்தில் மட்டும் இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கவேண்டும். இரண்டிலும் என்ன நடக்கிறது என்று கொப்பியில் தேதி போட்டு எழுதவேண்டும். "எனக்கும் தெரியாது, எழுதிக்கிட்டு வாங்க பாப்போம்" என்று சொல்ல அவர் வெட்கப்படவில்லை.

பதின்மூன்று வயதுச் சுகிர்தத்துக்கு இது விளையாட்டு மாதிரி இருந்தது. ஒரு பாத்தி பீன்சுக்கு அடுப்புச் சாம்பல் போட்டாள், மற்றதற்குப் போடவில்லை. கரட்டுக்கு ஒரு பாத்தியை உயர்த்திக் கட்டினாள். மற்றதைத் தரையோடு விட்டாள். ஜூன் மாத மழையில் தரைப்பாத்தி முழுக்க அழுகியது. அழுதுகொண்டே அதையும் எழுதி வைத்தாள்.

பள்ளிக்கூடத்தை விட்டபோது பதினாறு வயது. மரக்கறிச் செய்கையைச் சொல்லிக்கொடுக்க அரசாங்கம் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு விண்ணப்பம் போட்டாள். பிரஜாவுரிமைச் சான்றிதழ் கொண்டுவரும்படி பதில் வந்தது. இந்தியாவிலிருந்து வந்த குடும்பம்; அவள் தகப்பன் அதற்கு எழுதிக் கொடுத்த விண்ணப்பம், பாட்டன் இலங்கையில் பிறந்த பதிவு இல்லை என்று திரும்பி வந்து மூன்று வருடமாகியிருந்தது. அடுத்த வாரமே சுகிர்தம் கொழுந்துக்கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டாள்.

ஐந்து வருடம் கொழுந்து எடுத்தாள். இடையில் தேயிலை ஆலையில் வேலை செய்த றோலண்டைக் கல்யாணம் செய்துகொண்டாள். கொழுந்து எடுப்பதில் அவள் கெட்டிக்காரி இல்லை. "இவ கொழுந்தப் பாக்க மாட்டா, செடியத்தான் பாப்பா" என்று கூட இருந்த பெண்கள் கேலி செய்வார்கள்.

1961இல் தோட்டத்தில் ஒரு மலையின் பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதுத் தேயிலை வைக்க முடிவானது. விதை போடாமல், நல்ல தாய்ச்செடியின் கிளையை ஒரு இலையோடு சின்னத் துண்டுகளாக வெட்டி, மண் நிரப்பிய பொலித்தீன் பைகளில் ஊன்றி வேர்விடச் செய்யும் முறை அது. கன்று வளர்க்க ஓடைப்பக்கம் தவறணை போட்டார்கள். செல்லசாமி கங்காணி பொறுப்பு. மண் நிரப்பப் போன பெண்களில் சுகிர்தமும் ஒருத்தி.

இடித்துப்போட்ட பழைய லயத்து வீடுகளின் கொல்லையிலிருந்து கங்காணி மண் எடுக்கச் சொன்னார். எத்தனையோ வருட அடுப்புச் சாம்பலும் சாணியும் சேர்ந்த கறுப்பு மண். பார்த்தாலே ஆசையாக இருக்கும். ஆனால் ஏழு வாரத்தில் இலைகள் மஞ்சளித்து உதிர்ந்தன. பிடுங்கிப் பார்த்தால் வேரே இல்லை. அடி கறுத்துக் கிடந்தது. தண்ணீர் போதவில்லை என்று கங்காணி இரண்டு வேளையும் ஊற்றச் சொன்னார். இன்னும் செத்தது.

ஒரு மூலையில் மட்டும் நாற்பது கன்றுகள் பச்சையாக நின்றன. கறுப்பு மண் தீர்ந்துபோன ஒருநாள், ரோட்டோரம் வெட்டிய மேட்டிலிருந்து செம்மண் அள்ளி அந்தப் பைகளை நிரப்பியது சுகிர்தத்துக்கு ஞாபகம் வந்தது. ஆனாலும் அது நிழலால் இருக்கலாம், தண்ணீரால் இருக்கலாம். கங்காணியிடம் போனாள்.

"அண்ணே, பன்னெண்டு பையில செம்மண்ணும் பன்னெண்டு பையில இந்த மண்ணும் போட்டு ஒண்ணா வெச்சுப் பாக்கட்டுங்களா?"

"கூட பன்னெண்டு செத்தா என்ன, வெச்சுக்க," என்றார் அவர் சலிப்போடு.

ஒரே தாய்ச்செடி, ஒரே நாள், ஒரே நிழல், ஒரே அளவு தண்ணீர். பத்தாவது வாரம் செம்மண்ணில் பதினொன்று வேர்விட்டிருந்தன. கறுப்பு மண்ணில் இரண்டு. பைகளைக் கூடையில் அடுக்கிக் கண்டாக்கையாவின் முன்னால் வைத்தாள். மலைவேலை முழுவதையும் மேற்பார்க்கிறவர் அவர்.

"யார் சொல்லிக் குடுத்தது இது?"

"யாரும் சொல்லலைங்க ஐயா. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தேன்."

"சாம்பல் செடிக்கு நல்லதுன்னுதானே எல்லாரும் சொல்றாங்க?"

"பீன்சுக்கு நல்லதுங்க, நானே போட்டுப் பாத்திருக்கேன். இதுக்கு ஒத்துக்கல."

பக்கத்தில் நின்ற செல்லசாமி தலையைக் குனிந்துகொண்டார். சுகிர்தத்துக்கு அது பொறுக்கவில்லை. "கங்காணி அண்ணந்தாங்க வெச்சுப் பாக்க எடம் விட்டாரு," என்றாள்.

மறுவருடம் எல்லாப் பையிலும் செம்மண். பத்தில் எட்டுக் கன்று பிழைத்தது. பேர் கங்காணிக்குத்தான். என்றாலும் தினமும் காலையில் அவர் மெதுவாக வந்து, "இன்னைக்குத் தண்ணி வேணுமா சுகிர்தம்?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்றவர்களுக்கு உத்தரவு போடுவார்.

1964இல் முழங்கால் வலியால் செல்லசாமி வேலையை விட்டார். கண்டாக்கையா றொசல்லைத் தோட்டத்திலிருந்து ஓர் ஆளைக் கூட்டிவரப் பேசிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டுச் சுகிர்தம் இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் ஆபீஸ் வாசலில் போய் நின்றாள்.

"வர்றவருக்கு நான்தாங்க எல்லாத்தையும் காட்டிக் குடுக்கணும். அத நானே செஞ்சிட்டுப் போறேனே ஐயா."

"பொம்பள கங்காணி நம்ம தோட்டத்துல இருந்ததில்லையேம்மா."

"இந்த மாதிரித் தவறணையும் இருந்ததில்லைங்களே."

அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். காரியம் கெட்டுவிட்டது என்று நினைத்து வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டாள். றோலண்ட்தான் அன்றைக்குச் சோறு ஆக்கினான். அடுத்த திங்கட்கிழமை பெரட்டில், தவறணைக்குச் சுகிர்தம் கங்காணி என்று கண்டாக்கையா எல்லாருக்கும் கேட்கும்படி அறிவித்தார்.

அன்று அவளுக்குக் கீழே பதினாறு பெண்கள் இருந்தார்கள். அவர்களில் கைக்குழந்தைக்காரி நாகலெட்சுமி, காலையிலிருந்து பால் கட்டி மார்பு கனக்க மண் சலித்துக்கொண்டிருந்தாள். பத்து மணிக்குச் சுகிர்தம் அவளிடமிருந்து சல்லடையை வாங்கிக்கொண்டாள்.

"போயி புள்ளைக்குப் பால் குடுத்துட்டு வா. ஓட வேணாம், மெதுவாவே வா. யாரும் கேட்டா நான் அனுப்புனேன்னு சொல்லு."