நாலாவது முகூர்த்தம்

போன கிழமை முழங்காலுக்குப் பூசும் களிம்பு வாங்க, லண்டனில் சட்டன் கடைத்தெருவில் இருக்கும் மருந்துக்கடைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் குழந்தை தட்டிலிருந்த டல்கம் பவுடர் டின்னை இழுத்து விழுத்த, மூடி கழன்று தரையெல்லாம் வெள்ளை. தாய் "சொறி, சொறி" என்று குனிகிறாள், கடைக்காரப் பெண் தும்புத்தடியோடு ஓடி வருகிறாள். நான் மட்டும் நடுவில் நின்று மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன். மனுசிக்கு ஏதோ நெஞ்சுவருத்தம் என்று நினைத்து நாற்காலியும் போட்டுவிட்டார்கள். எனக்கு ஒன்றுமில்லை. தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள் மணத்தன, அவ்வளவுதான்.

நீங்கள் கரம் விளையாடியிருப்பீர்கள். காய் வழுக்கி ஓடப் பலகையில் மாத் தூவ வேண்டும் அல்லவா? அந்த மா எங்கே விற்கும் என்று எங்களுக்குத் தெரியாது. அக்காவின் புருஷன், எங்கள் அத்தான், குழந்தைப் பவுடரைக் கொட்டுவார். பலகை கொழும்பிலிருந்து கப்பலில் வந்தது. சட்டன் ஈரத்துக்கு ஒரு மூலை கோணிப்போய், எங்கே அடித்தாலும் காய்கள் அந்த மூலைக்கே போகும். அந்த மூலையில் எப்போதும் அத்தான்தான் இருப்பார். தன் கைத்திறமை என்று கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தார், பாவம்.

நான் அப்போது அக்கா வீட்டில் இருந்தேன். வயது இருபத்தொன்பது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருஷம், ஒரு பேக்கரியில் பணிஸ் பெட்டி கட்டுகிற வேலை. அத்தானின் சிநேகிதர் மூலம் ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. அவர், அதாவது என்னுடைய அவர், ஸ்ட்ரெதத்தில் மூன்று பேரோடு ஓர் அறையில் இருந்துகொண்டு பெற்றோல் ஸ்டேஷனில் வேலை செய்தார். தான் பள்ளிக்கூடக் கரம் சம்பியன் என்று தானே சொல்லிக்கொண்டார். விசாரித்துப் பார்க்க அந்தப் பள்ளிக்கூடத்து ஆட்கள் ஒருவரும் லண்டனில் இல்லை.

அந்தச் சித்திரையில் எங்களுக்கு எழுத்து முடிந்தது. எங்கள் ஆட்களுக்கு அது என்னவென்று சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: கவுன்சில் கந்தோரில் கையெழுத்து வைத்துப் பதிவு செய்வது. சட்டத்துக்கு அது கலியாணம். எங்களுக்கு அது வெறும் எழுத்து. தாலி ஏறும்வரை அவர் அவருடைய வீட்டில், நான் என்னுடைய வீட்டில். பதிவுகார வெள்ளைக்கார அம்மா சிரித்துக்கொண்டு, இனி நீங்கள் மணப்பெண்ணை முத்தமிடலாம் என்று சொன்னதுதான் தாமதம், அக்கா எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டார்.

"நோ, நோ! நொட் மரீட் யெட்!" என்றார் அக்கா.

அந்த அம்மா தான் எழுதிய புத்தகத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். அத்தான் இருமிச் சமாளித்தார்.

அன்றுமுதல் ஒவ்வொரு ஞாயிறும் பின்னேரம் அவர் அக்கா வீட்டுக்கு வரலாம். வந்தால் கரம். நாங்கள் இரண்டு பேரும் ஒரு கட்சி, அக்காவும் அத்தானும் மறு கட்சி. ஜோடி என்று பேர், ஆனால் கரத்தில் ஜோடிகள் எதிரெதிரே அல்லவா இருக்க வேண்டும்? எங்களுக்கு நடுவில் முழுப் பலகையும் கிடக்கும். அக்காவுக்கு வாய்த்த மூளையை என்னவென்பது!

தாலி ஏறுவதற்கு என்ன தடை என்று கேட்பீர்கள். தடை நான்தான். அப்பா வந்து தாரை வார்த்துக் கொடுக்காமல் நான் மணவறையில் இருக்கமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அப்பா கடைசிப் பிள்ளையான என்னைத் தோளில் காவித் திரிந்த மனிதர். அவரில்லாமல் வேறு ஒருவர் என் கையைப் பிடித்துக் கொடுப்பதை நினைக்கவே என்னால் முடியவில்லை. சண்டை நடந்த அந்த நாட்களில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியே வருவதென்றால் பாஸ் எடுக்க வேண்டும், படகில் நீரேரியைக் கடக்க வேண்டும், கொழும்பில் விசாவுக்கு நிற்க வேண்டும். அம்மாவோ பாரிசவாதத்தில் படுக்கை. ஆனாலும் அப்பா எழுதினார்: "நான் வருகிறேன் பிள்ளை. நாளைக் குறியுங்கள்."

குறித்தோம். ஆவணியில் ஒரு நாள். பள்ளிக்கூட மண்டபம் எடுத்து, ஐயரிடம் சொல்லி, முகூர்த்த நேரத்தையும் அப்பாவுக்கு எழுதினோம். ஒரு கடிதம் போய்ச்சேர ஆறு கிழமை, சிலவேளை இரண்டு மாதம். தொலைபேசி கிடையாது. நாள் நெருங்கியது, அப்பா வரவில்லை. ஒரு கிழமைக்கு முன் எல்லோருக்கும் போன் பண்ணி நிறுத்தினோம். அடுத்த நாள் தையில். அதுவும் அப்படியே போயிற்று. பிறகு வைகாசி. என் கூறைச்சேலை சூட்கேசுக்குள், பூச்சி அரிக்காமல் போட்ட பூச்சிமுட்டை மணத்தோடு கிடந்தது. மண்டபத்துக் காவல்காரர் என்னைத் தெருவில் கண்டால், அடுத்தது எப்போது என்று மோதிர விரலைக் காட்டிக் கேட்கத் தொடங்கிவிட்டார். அந்த மனிதர் நக்கலாகக் கேட்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

சிரிக்காதீர்கள், இன்னொன்றும் சொல்கிறேன். புதன்கிழமைகளில் எனக்கு இங்கிலிஷ் வகுப்பு. அந்த வகுப்பில் நான் படித்ததைவிட ஸ்ட்ரெதத்துச் சலவைக்கடையில் இருந்ததுதான் அதிகம். அவர் உடுப்புத் தோய்க்க வருவார். மெஷின் சுற்றி முடிய முக்கால் மணித்தியாலம். அதற்கு முன்னாலிருந்த நீள வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருப்போம். உள்ளே அவருடைய சாரமும் சேட்டும் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே அவர் கதைப்பார், நான் கேட்பேன். இவ்வளவுதான் எங்கள் களவு. பதிவு செய்து ஒரு வருஷமான புருஷனும் பெண்சாதியும்!

அதையும் அக்காவுக்குத் தெரிந்த பரிமளம் அன்ரி கண்டுவிட்டார். அக்காவுக்கு உடனே போன்.

"உங்கட தங்கச்சி ஒரு பொடியனோட லோண்டரட்டிலை குந்திக்கொண்டிருக்கிறா, தெரியுமோ?"

"அது அவளின்ர மனுசன்தான் அன்ரி."

"அப்ப ஏன் ஒளிச்சு இருக்கினம்?"

அக்கா போனை வைத்துவிட்டு அத்தானைக் கூப்பிட்டார். அன்றுதொட்டு இங்கிலிஷ் வகுப்புக்கு அத்தான் காரில் கொண்டுபோய்விட்டு வாசலில் நிற்கத் தொடங்கினார்.

வைகாசி நாளும் தவறிப்போன பிறகு வந்த ஞாயிறு. அவர் வந்தார், பலகையைப் பார்த்தார், இருக்கவில்லை.

"இன்னும் எத்தினை நாளைக்குக் கரம் விளையாடுறது?" என்று கேட்டார். அக்காவும் அத்தானும் குசினிக்குள் போய்விட்டார்கள். முதல் தடவையாக எங்களைத் தனியே விட்டார்கள், அதுவும் அந்தக் கதைக்கு.

"இஞ்சருங்கோ, அப்பா வாறன் எண்டுதானே எழுதுறார்..."

"நீர் என்ர மனுசி. சட்டப்படி இண்டைக்கே என்னோட வரலாம். வாறீரோ?"

"அப்பா வராமல் ஏலாது."

"கொப்பா வராட்டில்?"

நான் குனிந்து பலகையில் காய்களை அடுக்கினேன். அவர் தேத்தண்ணியும் குடிக்காமல் போய்விட்டார். அடுத்த ஞாயிறும் வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. நாலு மாதமாக ஒரு போன்கூட இல்லை. எழுத்தை ரத்துச் செய்யச் சொல்லிக் கேட்பாரோ என்று அத்தான் அக்காவிடம் மெல்லச் சொன்னது என் காதிலும் விழுந்தது. ஒரு பக்கம் பாஸ், படகு, விசா. மறு பக்கம் ஸ்ட்ரெதத்தில் கோபத்தோடு ஒரு மனிதர். இரண்டையும் அசைக்க எனக்கு வலுவில்லை. பணிஸ் பெட்டி கட்டிக் கட்டி அழுதேன். மேற்பார்வைக்காரி எனக்கு மாவுத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று முகக்கவசம் தந்தாள்.

அப்போதுதான் அப்பாவின் கடிதம் வந்தது. சிறிய எழுத்தில் ஒரு பக்கம்.

"பிள்ளை, இனி என்னைப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். நான் பாஸுக்கு விண்ணப்பிக்கவே இல்லை. அம்மாவை யார் பொறுப்பில் விட்டுவிட்டு வருவேன்? வரமாட்டேன் என்று எழுதினால் நீ அழுவாய் என்றுதான் வருகிறேன் என்று எழுதினேன். எல்லாம் ஆயத்தமான பிறகு நான் இல்லாமலே நடத்திவிடுவீர்கள் என்று நினைத்தேன். நீ இப்படிப் பிடிவாதம் பிடிப்பாய் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. கடிதம் கிடைத்ததும் முதல் வருகிற நல்ல நாளில் செய்யுங்கள். அத்தான் தாரை வார்க்கட்டும்."

அப்பாவில் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஒன்றரை வருஷம்! ஒரு வரி உண்மை எழுதியிருந்தால் போதுமே. அத்தான் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஸ்ட்ரெதத்துக்குப் போனார். என்ன கதைத்தார் என்று எனக்குத் தெரியாது, திரும்பி வரும்போது காரில் அவரும் இருந்தார். பத்தாம் நாள் முகூர்த்தம். அத்தான் என் கையைப் பிடித்துக் கொடுத்தார், அக்கா தண்ணீர் வார்த்தார், தாலி ஏறியது. காவல்காரர் பின்வரிசையில் நின்று எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினார்.

தொண்ணூற்றாறில் அம்மாவை வைத்தியத்துக்காகக் கப்பலில் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுவந்தார் அப்பா. ஆறு வருஷத்துக்குப் பிறகு போனில் அந்தக் குரல். நான் அழுதுகொண்டே சண்டையைத் தொடங்கினேன்.

"என்ர கலியாணத்துக்கு நீங்கள் வரேல்லை அப்பா."

"ஆர் சொன்னது?" என்றார். "முதல் மூண்டு கலியாணத்துக்கும் நான் நிண்டனான் பிள்ளை."

"என்னப்பா சொல்லுறியள்?"

"குறிச்ச நாளிலை நீங்கள் செய்துபோடுவியள் எண்டுதானே நான் நினைச்சது. மூண்டு தரமும் விரதம் இருந்து, தோய்ஞ்சு, பட்டுவேட்டி கட்டினன். லண்டன் நேரத்தைக் கணக்குப் பாத்து, கொம்மாவின்ர கட்டிலடியிலை இருந்து கையை நீட்டினன். அவ படுத்தபடி செம்பாலை தண்ணி வாத்தவ. குடுத்தாச்சு எண்டு ரெண்டு பேரும் அழுவம். ரெண்டு மாசத்தாலை உங்கட கடிதம் வரும், நாள் தள்ளிவைச்சாச்சு எண்டு."

"நாலாவதுக்கு, அப்பா?"

"அது எப்ப எண்டு ஆருக்குத் தெரியும்? கடிதம் வந்தாப் பிறகு பங்கீட்டு அட்டையிலை திகதியைப் பாத்தன். அண்டைக்கு நான் மண்ணெண்ணெய் கியூவிலை நிண்டிருக்கிறன்."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். லைன் அறுந்துபோயிற்று.

இப்போது அப்பா இல்லை. கட்டிலடி இருந்த அந்த வீடும் இல்லை, செல் குண்டு விழுந்து சுவர் மட்டும் நிற்பதாகச் சொன்னார்கள். என் கலியாண வீடியோவில் அத்தான் தாரை வார்க்கிறார், அதைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். அப்பா எனக்குச் செய்துவைத்த மூன்று கலியாணங்களையும் பார்த்த ஒரே ஆள் அம்மாதான். அப்பா போய் இரண்டு வருஷத்தில் அவரும் போய்விட்டார்.