ஒன் நைன் செவன் ஸ்ரீரஞ்சனி

என் நாத்தனார் ஸ்ரீரஞ்சனிக்கு இந்த ஆவணியில் அறுபத்துநாலு முடிந்தது. உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. குரல் மட்டும் ஆறடி. டெலிபோன் இலாகாவில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தாள்; அதில் பாதிக்கு மேல் ஒன் நைன் செவனில். கைபேசிக் காலத்தில் பிறந்தவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். யாருடைய நம்பராவது வேண்டுமென்றால் அந்த எண்ணைச் சுழற்றி, ஆள் பேரையும் தெருவையும் சொல்ல வேண்டும். மறுமுனையில் ஒரு பெண் தலையணை கனத்துக்கு இருக்கும் டைரக்டரியைப் புரட்டி நம்பரைத் தருவாள். அந்தப் பெண்தான் இவள். மயிலாப்பூரில் பாதிக் கல்யாணங்கள் இவள் கொடுத்த நம்பரால் நிச்சயமானவை. மீதிப் பாதி இவள் தப்பாகக் கொடுத்த நம்பரால் என்று நான் சொல்வதுண்டு. அது பொய். அவள் தப்பாகக் கொடுத்ததே இல்லை. அதுதான் எனக்கு அவளிடம் பிடிக்காத முதல் விஷயம்.

இந்தக் குடும்பத்தின் கதைகள் நாற்பது வருஷமாக என் வசம் இருந்தன. வாழ்க்கைப்பட்டு வந்தவள்தான்; ஆனாலும் பிறந்த பெண்ணைவிட எனக்கு அதிகம் தெரியும் என்று எல்லோரும் நம்பினார்கள். தெரியாததை நானே உண்டாக்கிக்கொள்வேன். என் கணவர் ஸ்ரீனிவாசராகவனின் கொள்ளுத்தாத்தா கிருஷ்ணமாச்சாரி, அடையாற்றில் குளிக்கும்போது காலைக் கவ்விய முதலையை மேல்துண்டால் வாய்கட்டி, கச்சேரி ரோடு வழியாக இழுத்துவந்து சித்திரக்குளத்தில் விட்டார். "இப்போ அது எங்கே?" என்று குழந்தைகள் கேட்டால், "அங்கேயேதான் இருக்கு. வெட்கம், வெளியே வரதில்லை" என்பேன். ஒரு தலைமுறையே அந்தக் குளத்தைச் சுற்றிப் போனது.

ஸ்ரீரஞ்சனியின் கணவர் போன மறு வருஷம், பெண் சாருலதா அவளுக்கு ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்தாள். மற்றவர்கள் அதில் சீரியல் பார்ப்பார்கள். இவள் செத்தவர்களைத் தேடினாள். பழைய மெட்ராஸ் டைரக்டரிகளை யாரோ புண்ணியவான் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றியிருக்கிறாராம். தெரு வாரியாக, வீட்டு எண் வாரியாக, குடியிருந்தவர் பேரும் உத்தியோகமும் இருக்கும். அரசாங்க கெஜட், பல்கலைக்கழகப் பட்டதாரிகள் பட்டியல், டிஜிட்டல் நூலகங்களில் கிடக்கும் பழைய பத்திரிகைகள், நீதிமன்றத் தீர்ப்புத் தொகுதிகள், எல்லாம் வீட்டில் உட்கார்ந்தபடியே கிடைக்கின்றனவாம். அடையாறு காந்தி நகர் வீட்டில், நாற்பது பக்க நோட்டு ஒன்றில், ஒரே பேரைப் பன்னிரண்டு விதமாக எழுதிவைத்துக்கொண்டு உட்காருவாள்.

"நூறு பேர் போன் பண்ணினா தொண்ணூறு பேர் பேரைத் தப்பாத்தான் சொல்லுவா, மன்னி. அவா தப்பை வெச்சுண்டே தேடணும். பேர் ஒத்துண்டா போறாது, விலாசமும் ஒத்துக்கணும். அப்பத்தான் நம்பர்."

ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஐம்பத்துமூன்று பேர் இருக்கும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்து விழுந்தது. 1896-ஆம் வருஷத்து டைரக்டரிப் பக்கம். சித்திரக்குளம் வடக்குத் தெரு. கிருஷ்ணமாச்சாரி, குமாஸ்தா, உப்பு இலாகா.

"அத்தைப் பாட்டி, மாஸ்!" என்று முதலில் எழுதியவன் அனிருத். என் சொந்தப் பேரன். என் முதலைக்கு அவன் ஒருநாளும் மாஸ் சொன்னதில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. "உப்பு இலாகா குமாஸ்தா முதலை பிடிக்கக் கூடாதுன்னு சட்டமா?" என்று கேட்டேன்.

"ஆதாரம் இருந்தா அதையும் சேர்த்துடலாம், மன்னி" என்று பதில் வந்தது. கூடவே கும்பிடும் கை. அந்தக் கையை உடைக்க வேண்டும் போலிருந்தது.

வெளியாட்கள் வேறு வர ஆரம்பித்தார்கள். தி.நகரில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஹபீபுர் ரஹ்மானின் தாத்தா, நூறு வருஷத்துக்கு முன் என்ன தொழில் செய்தார் என்று அவர் வீட்டில் யாருக்கும் தெரியாது. இவள் மூன்று வாரம் தேடி, ஒரு வியாபாரிகள் பட்டியலில் பிடித்துக் கொடுத்தாள்: அத்தர் வியாபாரம், திருவல்லிக்கேணி. நான் அவள் வீட்டில் இருந்த அன்றுதான் அவர் வந்தார். "அம்மா, எங்க தாதா பேர அச்சுல பாத்தேன்மா. எங்கம்மா அழுதுட்டாங்க" என்று சொல்லி இரண்டு கிலோ பேரீச்சம்பழம் வைத்துவிட்டுப் போனார். நாற்பது வருஷமாகக் கதை சொல்கிறேன். எனக்கு ஒரு கொட்டை வந்ததில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். போன மாதம் அவள் எழுதியதுதான் என்னை எழுந்து உட்கார வைத்தது: "அடுத்தது கொள்ளுப்பாட்டி. மகாளய அமாவாசைக்குள் செங்கமலம் பாட்டியைக் கண்டுபிடித்துவிடுகிறேன்."

அவளால் கண்டுபிடிக்க முடியாது. ஏனென்றால் செங்கமலம் பாட்டி என்று ஒருத்தி இருந்ததே இல்லை.

1984-ல் என் மாமனார் திடீரென்று காலமானார். தர்ப்பணத்தில் மூன்று தலைமுறை ஆண்கள் பேரும் பெண்கள் பேரும் சொல்லி எள்ளும் ஜலமும் விட வேண்டும். ஆண்கள் பேர் கிடைத்துவிட்டது. கொள்ளுப்பாட்டியிடம் வந்து நின்றது. தாத்தாவைப் பெற்றவள் சின்ன வயதிலேயே போய்விட்டாள், இளையாள்தான் தாத்தாவை வளர்த்தாள் என்பதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. மாமனார் மந்திரத்தை முணுமுணுப்பாகச் சொல்பவர். பழைய வாத்தியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். புது வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்தார். என் கணவர் என்னைப் பார்த்தார். எல்லாம் தெரிந்தவள் அல்லவா நான்? தெரியாது என்று சொல்ல நாக்கு வளையவில்லை. எதிரில் ஒரு எவர்சில்வர் சொம்பு இருந்தது. அதன் கழுத்தில் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது. படித்தேன்.

"செங்கமலம்" என்றேன். "பரம சாது."

சொம்பு கீழ்வீட்டு மாமியுடையது. ஜனம் கூடியதால் இரவல் வாங்கியது. அன்றிலிருந்து அமாவாசைக்கு அமாவாசை, என் கணவர் கீழ்வீட்டு மாமிக்குத் தர்ப்பணம் செய்துவந்தார். மாமி அப்போது உயிரோடு, திடகாத்திரமாக, கொடியில் புடவை உலர்த்திக்கொண்டிருந்தார்.

ரஞ்சனியைத் தடுக்கப் பார்த்தேன். "அந்தக் காலத்துப் பொம்மனாட்டி பேரெல்லாம் எந்தப் புஸ்தகத்துல இருக்கும்? விட்டுடேன்" என்று போனில் சொன்னேன்.

"வாசல்படி தாண்டாதவான்னா இருக்காது, மன்னி. தாண்டியிருந்தா எங்கேயாவது இருக்கும். லைன்ல இருங்கோ" என்று சொல்லி, பழக்க தோஷத்தில் என்னைக் காக்கவைத்துவிட்டு டீ போடப் போய்விட்டாள்.

அமாவாசைக்கு நாலு நாள் முன்னால் அவளே கூப்பிட்டாள். "ஆத்துக்கு வரேளா? போன்ல வேண்டாம்."

ஆட்டோவில் போனேன். லஸ்ஸைத் தாண்டவே அரைமணி ஆயிற்று. "மெட்ரோ வேல நடந்துகினு கீதும்மா, சுத்திக்கினுதான் போவணும். இன்னா அவசரம்?" என்றார் ஆட்டோக்காரர். ஒரு அவசரமும் இல்லை, திருவான்மியூர் வரை சுற்றினாலும் சரி என்றேன்.

ரஞ்சனி டேப்லெட்டை என் முன்னால் வைத்தாள். 1897-ஆம் வருஷத்துத் தீர்ப்பு. இரண்டே பக்கம். வாதி வேதவல்லி அம்மாள், வயது பத்தொன்பது. பிரதிவாதி அவள் கணவர் கிருஷ்ணமாச்சாரி, உப்பு இலாகா குமாஸ்தா, சித்திரக்குளம் வடக்குத் தெரு. அதே வீட்டு எண். இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டு, கைக்குழந்தையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, இவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கிறார். அவள் அண்ணனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போய் ஜீவனாம்சம் கேட்டு ஜெயித்திருக்கிறாள். குழந்தை கிடைக்கவில்லை. சாட்சி சொன்ன பூக்காரி ஒருத்தியின் வார்த்தையை நீதிபதி அப்படியே எடுத்து எழுதியிருந்தார்: சாயங்காலம்தோறும் இந்தப் பெண் குளத்தின் எதிர்க்கரையில் வந்து நிற்பாள், வடக்குத் தெரு வீட்டு வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு யாராவது நின்றால், விளக்கேற்றும் வரை பார்த்துவிட்டுப் போவாள்.

"பாட்டி சின்ன வயசுல செத்துப்போகலை, மன்னி. போயிட்டான்னு சொல்லிட்டா" என்றாள் ரஞ்சனி.

அந்த வரியை மூன்று தரம் படித்தேன். முதலில் கண் கலங்கியது. உடனேயே பொறாமை வந்தது. இந்த வயதில் இப்படி வரும் என்று நினைக்கவில்லை. நாற்பது வருஷம் நான் கட்டிய கதை ஒன்றுகூட இதன் பக்கத்தில் நிற்காது. அதுவும் இவளுக்குப் போய்க் கிடைத்திருக்கிறது, எதையும் ஜோடிக்கத் தெரியாத இவளுக்கு.

"அப்போ செங்கமலம்..." என்று இழுத்தேன். "இளையாளோ என்னவோ."

ரஞ்சனி டீயை உறிஞ்சினாள். "மன்னி, அந்தச் சொம்பை அன்னிக்கு சாயங்காலம் கீழாத்துல திருப்பிக் கொடுத்தது நான்தான்."

டேப்லெட்டை அவள் பக்கம் தள்ளினேன்.

"தெரிஞ்சுண்டா நாப்பது வருஷம் சும்மா இருந்தே? நேத்திக்கு வரைக்கும் செங்கமலம் பாட்டின்னு எழுதினியே!"

"சரியான நம்பர் கைல இல்லாம, தப்பு நம்பர்னு சொல்லி என்ன பிரயோஜனம்? இப்போ இருக்கு. அண்ணா கிட்ட நீங்களே சொல்லிடுங்கோ. க்ரூப்ல நான் ஒண்ணும் போடலை."

ரகசியம் காப்பதிலும் என்னை மிஞ்சிவிட்டாள். கையில் பேரீச்சம்பழம் வேறு கொடுத்து அனுப்பினாள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் மோர் சாதத்துக்கு வந்தபோது சொல்லிவிட்டேன். அவர் கலந்த கை கலந்தபடி நின்றது.

"நாப்பது வருஷமா சொம்புக்காடி தர்ப்பணம் பண்ணிண்டிருந்தேன்?"

"சொம்புக்கு இல்லை. கீழாத்து மாமிக்கு."

"அவ தொண்ணூத்தாறு வயசு வரைக்கும் இருந்தாளேடி!"

"அதனாலதான் இருந்திருப்பா."

அவர் சிரிக்கவில்லை. இரண்டு நாள் பேசவும் இல்லை. காபியை மட்டும் வாங்கிக்கொண்டார். மூன்றாம் நாள் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "வேற ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடு" என்றார். முதலையைப் பற்றி வாய் திறக்கவில்லை நான்.

மகாளய அமாவாசையன்று ரஞ்சனி காலையிலேயே வந்துவிட்டாள். நான் சமையலறை வாசலில் நின்றேன். இவர் தர்ப்பையும் எள்ளுமாக உட்கார்ந்து ஒவ்வொரு பேராகச் சொல்லிக்கொண்டே வந்தார். அந்த இடம் வந்தது. மாதம் தவறாமல் இவர் வாயிலிருந்து வரும் அத்தனை மந்திரத்தில், நான் போட்ட சொல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பொய்யோ புரட்டோ, என்னுடையது.

"வேதவல்லி" என்றார். ரஞ்சனி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் துடைத்துக்கொண்டேன். அவளுக்கும் எனக்கும் காரணம் முழுக்க ஒன்றல்ல.

கடைசியில், தனக்கென்று யாருமே இல்லாதவர்களுக்காக ஒரு கை ஜலம் விடுவது உண்டு. அதை விடும்போது இவர் என் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்து, உதட்டை அசைத்தார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

சாப்பாடு ஆனதும் ரஞ்சனி டேப்லெட்டை என் மடியில் வைத்தாள். "க்ரூப்ல நீங்க எழுதுங்கோ, மன்னி. எனக்கு நம்பர் சொல்லத்தான் வரும்."

எழுதினேன். முதல் முறையாக ஒரு வார்த்தை கூட்டாமல், தீர்ப்பில் இருந்தபடியே. செங்கமலம் யார் வீட்டுச் சொம்பு என்பதையும் கடைசியில் ஒரு வரியாகப் போட்டேன். ஐம்பத்துமூன்று பேரும் விழுந்து விழுந்து படித்தார்கள். அத்தனை பாராட்டும் ஸ்ரீரஞ்சனிக்கு. "அத்தைப் பாட்டி, வேற லெவல்!" எழுதியவள் நான், எழுத்து என்னுடையது, இதயப்படமெல்லாம் அவளுக்கு.

சாயங்காலம் அனிருத் மட்டும் எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினான். "பாட்டி, வேதவல்லி பாட்டி குளத்தங்கரைல நின்னப்போ அந்த முதலை அங்கே இருந்துதா?"

"இருந்தது. அவள் நின்ற கரைப் பக்கம்தான் எப்போதும் படுத்துக் கிடக்கும், வேறு யாரையும் கிட்ட வர விடாது" என்று எழுதினேன்.

ஆதாரம் கேட்க அந்த இடத்தில் ஸ்ரீரஞ்சனி இல்லை.