வாசல் கதவுக்கு மேலே அம்மா

அம்மாவின் காரியங்கள் முடிந்து உறவினர்கள் கிளம்பிய பிறகு, அடையாறு வீட்டில் நானும் அப்பாவும் மட்டும் இருந்தோம். அம்மாவின் பெயரை அழகாக எழுதிக் கூடத்தில் மாட்டலாம் என்று பாண்டி பஜாரிலிருந்து கேன்வாஸ் துணியும் மரச்சட்டமும் வாங்கி வந்தேன்.

நான் ஆணி அடிக்க, துணியை இழுத்துப் பிடித்திருந்த அப்பா, "பேரு வேண்டாம்மா. அவ பேரு நமக்கு மறந்துடப் போகுதா?" என்றார்.

"வேற என்னப்பா எழுதறது?"

அப்பா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். "வெளிய கிளம்பும்போதெல்லாம் 'சாவி எடுத்தாச்சா'ன்னு கேப்பாளே, அதை எழுது."

பென்சிலால் வரைந்துகொண்டு, கரும்பச்சை பெயின்டில் எழுதினேன். காய்ந்ததும் வாசல் கதவுக்கு மேலே அப்பாவே மாட்டினார்.

அந்த வாரம் வந்த அத்தைக்கு அது பிடிக்கவில்லை. "ஏண்ணே, ஒரு சாமி பேரு எழுதக் கூடாதா? பார்க்கிறவங்க சிரிப்பாங்க."

சாயங்காலம் அத்தையை பஸ் ஏற்றிவிடக் கிளம்பிய அப்பா, கதவருகே நின்று நிமிர்ந்து பார்த்து, "எடுத்துட்டேம்மா" என்றார், வழக்கமாக அம்மாவிடம் சொல்வதுபோலவே.

சாவு வீட்டில்கூட எல்லோரையும் தேற்றிக்கொண்டிருந்த அத்தை, ஒரு காலில் மட்டும் செருப்பை மாட்டியபடி சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.