ஒப்புக்கு ஒரு மாத்திரை

டைல்ஸ்காரர் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் தரையைத்தான் பார்ப்பார். ஆளைப் பார்ப்பது அப்புறம். கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டுக்கு விருந்துக்குப் போனபோது, "மாப்பிள்ளைக்கு என்ன கூச்சம் பாருங்க, குனிஞ்ச தலை நிமிரலை" என்று மாமியார் பூரித்துப்போனார். கூச்சமெல்லாம் ஒன்றுமில்லை. கூடத்தின் நடுவே ஒரு டைல்ஸ் மற்றவற்றைவிட நூலளவு எழும்பி நின்றது. அதிலிருந்து அவரால் கண்ணை எடுக்க முடியவில்லை. சாப்பிட்டுக் கை கழுவியதும் அதை மாமனாரிடம் சொல்லியும்விட்டார். அந்தத் தரையைப் போட்டவர் மாமனாரின் கூடப்பிறந்த தம்பி என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த வீட்டில் அடுத்த விருந்து கிடைக்க வெகுநாள் ஆயிற்று.

இடுப்பு வலி அவருக்கு எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வாடகைக்கு வந்தவர் மாதிரி வந்தது, போகப்போக வீட்டுக்காரர் மாதிரி ஆகிவிட்டது. காலையில் செருப்பு மாட்ட வேண்டுமானால் சுவரைப் பிடிக்க வேண்டும். தும்மல் வருகிறது என்றால் முதலில் மேசையைப் பிடித்துக்கொள்வார், அப்புறம் தும்முவார். வேலைக்குப் போன இடத்தில் குந்தினால் எழுந்திருக்க முடியாது. அதனால் அறையின் ஒரு மூலையில் குந்துகிறவர், மட்டம் பார்க்கிற ரசமட்டத்தையும் ரப்பர் சுத்தியலையும் முன்னால் தள்ளிக்கொண்டு, தவழ்ந்தபடியே வேலையை முடித்து வாசல் வழியாக வெளியே வந்துதான் நிமிர்வார். வீட்டுக்காரர்கள் அதை ஏதோ தொழில் நுணுக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அவர் மனைவி துணிக்கடை ஒன்றில் தையல் வேலை பார்த்தார். வாங்குகிறவர்களின் அளவுக்குச் சட்டையைப் பிடிப்பதும் கால்சட்டையை மடிப்பதும்தான் வேலை. வீட்டுக்கு வந்தால் தூக்குகிற வேலையெல்லாம் அவர் தலையில். தண்ணீர் கேன், கேஸ் சிலிண்டர், துவைத்துக் கனத்த போர்வை எல்லாவற்றையும் அவரே தூக்கினார். முகம் சுளிக்காமல் தூக்கினார் என்று சொல்ல முடியாது. சுளித்துக்கொண்டே தூக்கினார். ஆனால் புருஷனை ஒருநாளும் தூக்கச் சொன்னதில்லை.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. படம் எடுத்தார்கள். "உங்க வயசுக்கு எலும்பு எப்படி இருக்கணுமோ அப்படித்தான் இருக்கு" என்றார் படத்தைப் பார்த்த டாக்டர். நல்ல செய்திதான். ஆனால் இடுப்பின் காதில் அது விழவில்லை. வலி மாத்திரை கொடுத்தார்கள், வயிறு புண்ணாயிற்று. வயிற்றுக்கு வேறு மாத்திரை கொடுத்தார்கள், வாய் கசந்தது. வாய்க்கும் ஒன்று எழுதுவதற்குள் அவர் அந்தப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டார்.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் வலிக்கென்றே இருக்கிற பிரிவுக்குப் போனார். அங்கே ஒரு டாக்டரம்மா இருந்தார். மேசைமேல் வெள்ளை டப்பா ஒன்றை வைத்து, "இது ஒரு ஆராய்ச்சி. இஷ்டம் இருந்தா சேரலாம். இந்த மாத்திரையில மருந்து எதுவும் இல்ல" என்றார்.

டைல்ஸ்காரர் டப்பாவைப் பார்த்தார். "கம்மியா இருக்குமா?"

"சுத்தமா இல்ல. மாவு மாதிரி ஒரு பொடி, அவ்வளவுதான். உங்ககிட்ட மறைக்கக் கூடாதுங்கறதுதான் இந்த ஆராய்ச்சியே."

"அப்ப எதுக்கும்மா தர்றீங்க?"

"சில பேருக்கு வலி குறையுது. வெறும் மாத்திரைன்னு தெரிஞ்சே சாப்பிட்டாலும் குறையுது. ஏன்னு இன்னும் சரியாப் புரியலை."

"நம்பிச் சாப்பிடணுமா?"

"நம்பணும்னு கட்டாயம் இல்ல. வேளை தவறாமச் சாப்பிட்டாப் போதும்."

அது அவருக்குப் பிடித்திருந்தது. நம்பச் சொன்னால்தான் கஷ்டம். விழுங்கச் சொன்னால் விழுங்கிவிடலாம். சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு வழக்கமான உடற்பயிற்சி மட்டும்தான், மீதிப் பேருக்கு அதோடு மாத்திரையும் உண்டு. யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு முடிவுசெய்யும். அவருக்கு மாத்திரை விழுந்தது. குலுக்கல் என்று எதிலும் அவருக்கு இதுவரை எதுவும் விழுந்ததில்லை. விழுந்ததும் வெறும் மாத்திரையாகப் போயிற்று.

வீட்டில் விஷயத்தைச் சொன்னார். மனைவி டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தார்.

"ஒண்ணுமே இல்லாத மாத்திரைக்கு வேளை வேற இருக்கா?"

"காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு."

"சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?"

அதைக் கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டோமே என்று அவருக்கு உண்மையிலேயே கவலையாகிவிட்டது.

மனைவியின் தம்பி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவன். மாத்திரை என்றால் அவனைக் கேட்காமல் அந்தக் குடும்பத்தில் யாரும் வாயில் போடமாட்டார்கள். அவன் வந்து ஒன்றை உடைத்து, நுனி நாக்கில் வைத்துப் பார்த்தான்.

"மாமா, உங்க காதுல நல்லாப் பூ சுத்தியிருக்காங்க."

"சுத்தறோம்னு சொல்லிட்டுத்தான் மாப்ள சுத்தினாங்க."

"என்னமோ பண்ணுங்க. பக்கவிளைவாவது இல்லாம இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தான்.

டைல்ஸ்காரர் வேலையில் எப்படியோ அப்படியே இதிலும் இருந்தார். வேளை தவறவில்லை. விழுங்கும்போது ஒன்றும் நினைக்கவில்லை. நினைக்கவும் ஒன்றுமில்லை. சில வாரம் போனபின் ஒருநாள் சிமெண்ட் தூசியில் தும்மல் வந்தது. தும்மி முடித்தபிறகுதான், எதையும் பிடித்துக்கொள்ளவில்லை என்பது அவருக்கு உறைத்தது. சந்தேகத்துக்கு இன்னொரு முறை, வராத தும்மலை வரவழைத்துத் தும்மிப் பார்த்தார். இடுப்பு தன்பாட்டுக்கு இருந்தது.

அதற்கடுத்த வாரம் அறையின் நடுவிலேயே எழுந்து நின்றார். சந்தோஷம்தான். ஆனால் அந்தச் சந்தோஷத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு வேறொன்றும் வந்தது. ஒன்றுமில்லாத மாத்திரையில் போகிற வலி என்றால், அது என்ன வலி? படத்திலும் ஒன்றும் இல்லை, மாத்திரையிலும் ஒன்றும் இல்லை. இத்தனை வருஷம் பெண்டாட்டியைச் சிலிண்டர் தூக்கவிட்டது எதற்காக?

அவர் யாரிடமும் சொல்லவில்லை. வேலை செய்கிற இடத்தில் நிமிர்ந்து நடந்தார். தெருமுனை வந்ததும் ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டார். வீட்டில் செருப்பு மாட்டச் சுவரைப் பிடித்தார். ஆஸ்பத்திரியில் கூப்பிட்டு, "வலி பத்துக்கு எத்தனை?" என்று கேட்டபோது, "எட்டு" என்றார். உள்ளே இரண்டுகூட இல்லை. வலி இருந்தபோது இவ்வளவு நடிக்கவேண்டி இருக்கவில்லை. இப்போதுதான் சாயங்காலமானால் உடம்பு அசந்துபோயிற்று.

ஒருநாள் மனைவி வீட்டுச் சாவியை மறந்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். மதியத்துக்குமேல் சாவி வாங்க, புருஷன் வேலை செய்கிற வீட்டுக்கே வந்தார். மாடிப்படியில் டைல்ஸ்காரர் ஏறிக்கொண்டிருந்தார். தோளில் ஒரு பெட்டி டைல்ஸ். இரண்டு பேர் பிடிக்கிற பெட்டி அது. ஏறுகிறவர் போதாக்குறைக்குச் சீட்டி வேறு அடித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க."

சீட்டி நின்றது. அவர் திரும்பிப் பார்த்தார். பெட்டியைக் கீழே வைத்தார். வைத்த கையோடு, பழக்கதோஷத்தில், இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"கையை எடுங்க" என்றார் மனைவி.

எடுத்துவிட்டார்.

மனைவி சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்ததும் பேசினார். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"அப்ப இத்தனை வருஷமா உங்களுக்கு ஒண்ணுமே இல்ல. ஒண்ணுமில்லாத வலி, ஒண்ணுமில்லாத மாத்திரையில போயிடுச்சு. கணக்கு சரியாத்தான் இருக்கு. நான் தூக்கின சிலிண்டர் மட்டும்தான் நிஜம்."

"வலிச்சுதும்மா."

"எங்க வலிச்சுது?"

அவர் இடுப்பைக் காட்டப்போனார். பாதியில் கை நின்றுவிட்டது. காட்டி என்ன பிரயோஜனம் என்று தோன்றியது.

இரண்டு நாள் அந்த வீட்டில் சாப்பாடு நேரத்துக்கு வந்தது, பேச்சு வரவில்லை. மூன்றாம் நாள் அவரே சொன்னார், "ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா. நான் பொய் சொன்னேனான்னு அவங்களையே கேட்டுடலாம்."

டாக்டரம்மாவின் அறையில் இருவரும் உட்கார்ந்தார்கள். டைல்ஸ்காரர் தலையைக் குனிந்து, இந்த முறை நிஜமாகவே கூச்சத்தில், எல்லாவற்றையும் சொன்னார். எட்டு என்று சொன்ன வலி இரண்டுகூட இல்லை என்பது வரைக்கும்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குறைஞ்சிருக்குன்னு சும்மா சொல்றவங்களைப் பார்த்திருக்கேன். எங்க மனசு நோகக் கூடாதுன்னு சொல்வாங்க. குறைஞ்சதை மறைச்ச ஆள் நீங்கதான்."

"அவருக்கு உண்மையா வலிச்சுதா இல்லையா, அதைச் சொல்லுங்க டாக்டர்" என்றார் மனைவி.

"வலிச்சுது. அதுல சந்தேகமே வேண்டாம். வலியை உணர்றது இடுப்பு இல்லம்மா, மூளை. அதனால அது கற்பனைன்னு ஆயிடாது. உடம்பே ஒரு வலிமருந்தைச் சுரக்கும். முன்னாடி ஒரு ஆராய்ச்சியில, பல் பிடுங்கின ஆளுங்களுக்கு அந்தச் சுரப்போட வேலையைத் தடுக்கிற மருந்தைக் கொடுத்துப் பார்த்தாங்க. மருந்தில்லாத வெறும் ஊசியில வலி குறைஞ்சவங்களுக்கு மறுபடி கூடிடுச்சு. அப்படின்னா உள்ளுக்குள்ள ஏதோ ஒண்ணு நிஜமாவே நடக்குது."

"அதுகூட, நல்ல மருந்துன்னு நினைச்சுச் சாப்பிட்டவங்களுக்கு இருக்கும். இவர்தான் மாவுன்னு தெரிஞ்சே முழுங்கினாரே?"

"அதான் எங்களுக்கும் தெரியலை. வேளைக்கு மாத்திரை எடுக்கிற பழக்கத்துல உடம்பு தானா வேலை செய்யுதோ, ஒருத்தர் நம்மைக் கவனிக்கிறாங்கன்னு மனசு இளகுதோ, இல்ல இவருக்கு எப்படியும் இப்பக் குறையற நேரம்தானோ... ஆளாளுக்கு ஒண்ணு சொல்றோம். எல்லாருக்கும் கேக்கறதும் இல்ல. இதை வச்சு ஒரு கட்டியைக் கரைக்க முடியாது, உடைஞ்ச எலும்பைச் சேர்க்க முடியாது."

"படிச்சவங்க நீங்களே தெரியலைன்னா எப்படி?"

"தெரிஞ்சிருந்தா உங்க வீட்டுக்காரரை எதுக்கு நான் கூப்பிடப்போறேன்?" என்றார் டாக்டரம்மா.

பஸ்ஸில் வரும்போது மனைவி ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "நாளையிலிருந்து சிலிண்டரை நீங்க தூக்குங்க" என்றார். சமாதானம் ஆகிவிட்டது என்று அவர் புரிந்துகொண்டார்.

சிலிண்டரைத் தூக்கினார். தண்ணீர் கேனையும் தூக்கினார். ஆராய்ச்சி முடிந்தது, டப்பாவும் காலியாயிற்று. இனிமேல் தருவதற்கு ஏற்பாடு இல்லை என்று ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். அவர் நேராக மைத்துனன் வேலை செய்கிற மருந்துக்கடைக்குப் போனார்.

"மாப்ள, மருந்தில்லாத மாத்திரை இருக்கா?"

"என்ன மாமா, கடைக்கு வந்து மானத்தை வாங்கறீங்க? இங்க எல்லாத்துலயும் மருந்து இருக்கும்."

"எதுலயாவது கம்மியா இருந்தா..."

"சத்து மாத்திரை தரட்டுமா?"

"அதுல சத்து இருக்கே."

பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர், "அப்படி ஒண்ணு வந்தா எனக்கும் எடுத்து வைப்பா" என்றார். மைத்துனன் இரண்டு பேரையும் முறைத்துவிட்டு, பெட்டிக்கடைப் பக்கம் கையைக் காட்டினான். டைல்ஸ்காரர் அங்கே புதினா மிட்டாய் வாங்கி, காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று விழுங்கிப் பார்த்தார். வாய் மணத்தது. அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை.

வலி மெல்லத் திரும்பியது. முழுசாக வரவில்லை, பாதிதான் வந்தது. மீதி எங்கே போயிற்று என்று டாக்டரம்மாவுக்கும் தெரியவில்லை. முட்டிக்கு அடியில் போட ரப்பர் மெத்தை ஒன்று வாங்கிக்கொண்டார். பெட்டியை இரண்டு பேராகப் பிடித்தார். மாலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தால், மனைவி அவர் கையைப் பார்ப்பார், அப்புறம் முகத்தைப் பார்ப்பார், அடுப்பில் வெந்நீர் வைப்பார்.

மறுவருஷம் தையல் மிஷினில் குனிந்து குனிந்து மனைவிக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. கையை உயர்த்தித் தலை வார முடியவில்லை. அதே டாக்டரம்மா தோள் வலிக்குப் புது ஆராய்ச்சி ஆரம்பித்திருந்தார். மனைவி போய்ச் சேர்ந்தார். திரும்பி வந்தவர் கைப்பையைக் கட்டிலில் வீசினார்.

"என்னாச்சு?"

"கம்ப்யூட்டர் எனக்கு மாத்திரை போடலை. பயிற்சி மட்டும் பண்ணணுமாம்."

"அதுல ஒண்ணும் இல்லையேம்மா."

"ஒண்ணுமில்லாததுகூட எனக்குக் கிடையாதுங்கறாங்களே, அதைத்தான் சொல்றேன்."

டைல்ஸ்காரர் சமையலறைக்குப் போனார். தொட்டியில் காலைப் பாத்திரங்கள் கிடந்தன. குழாயைத் திறந்தார். பின்னால் மனைவி கதவருகே வந்து நின்றார்.

"நிஜமாவே வலிக்குதுங்க."

"தெரியும்" என்று சொல்லிவிட்டு, அவர் பெரிய குக்கரைத் தேய்க்க ஆரம்பித்தார்.