மருந்து என்று சொல்லிவிட்டேன்

போன பங்குனிப் பொங்கலுக்கு, சிவகாசிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போயிருந்தபோது நடந்தது இது. சூரியனுக்குள் நடப்பதுபோல அணுக்கருக்களை ஒன்றுசேர்த்து மின்சாரம் எடுக்கப் பார்க்கும் ஆராய்ச்சியில் இருக்கிறேன். அதற்கான எரிபொருளைத் தயார் செய்யும் வெளிநாட்டுக் குழு ஒன்றிலிருந்து அப்போதுதான் அழைப்பு வந்திருந்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அம்மாவும் பக்கத்து வீட்டுச் சித்தியும் ஒரே பட்டாசுக் கம்பெனிக்கு ஒரே வேனில் போகிறவர்கள். லீவு நாள் என்பதால் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தோம்.

"ஏ புள்ள, அம்புட்டுத் தூரம் போயி என்னதேன் செய்யப் போற?" என்று கேட்டார் சித்தி.

அவருக்குப் புரியட்டுமே என்று, "மருந்து தயார் பண்ணப் போறேன் சித்தி" என்றேன். எங்கள் ஊரில் மருந்து என்றால் பட்டாசுக்குள் அடைப்பதுதான். விடாமல் அளந்தேன். ஒவ்வொரு அணுக்கருவும் ஒரு குட்டி சங்குசக்கரம், ஆளுக்கொரு பக்கம் பார்த்துச் சுற்றும், எல்லாவற்றையும் ஒரே பக்கம் திருப்பிவிட்டால் சுலபமாக ஒன்றுசேரும், அதைக் கடுகளவு உருண்டையில் அடைத்து வரிசை கலையாமல் உலைக்குள் அனுப்பவேண்டும் என்றேன்.

"அப்ப நீயும் நம்ம லைனுக்கே வந்துட்ட" என்று சித்தி சிரித்தார்.

அம்மா தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், மருந்து கலக்கும் அறையில் நடந்த வெடிவிபத்தில்தான் அப்பா போனார். அந்த வேலை என் கைக்கு வரக்கூடாது என்றுதான் அம்மா என்னைப் படிக்க வைத்தார்.

"ஒண்ணும் ஆகாதும்மா" என்றேன் அவசரமாக.

"உங்கப்பாவும் வேன் ஏறயில தெனமும் அதத்தேன் சொல்லுவாரு. நீ போக வேண்டாம் தாயி."

அன்று முழுக்க அம்மா என்னோடு பேசவில்லை. முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகுதான் யோசித்தேன். நிஜமாகவே ஒன்றும் ஆகாதா?

மறுநாள் அம்மா துணி துவைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து உள்ளதை உள்ளபடி சொன்னேன். அந்தப் பொருள் வெடிக்காது, அதைப் பற்றவைக்கத்தான் நாங்கள் படாதபாடு படுகிறோம். ஆனால் வரிசை கலையாமல் குளிரூட்ட வைத்திருக்கும் திரவ ஹீலியம் கசிந்தால் ஆவியாகி, அறையில் உள்ள காற்றையே வெளியே தள்ளிவிடும். மூச்சு முட்டுவதுகூடத் தெரியாமல் மயங்கி விழலாம். அதற்காகச் சுவரில் ஒரு கருவி இருக்கும். அது கத்தினால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடவேண்டும்.

"கத்துனா ஓடியாந்துருவியா? வேல பாதியில கெடக்கேன்னு நிக்க மாட்டியே?"

கண்டிப்பாக நிற்கிற ஆள்தான் நான்.

"ஓடியாந்துருவேன்மா."

அம்மா கையிலிருந்த சேலையைப் பிழிந்து உதறினார். "அப்பப் போயிட்டு வா."

அங்கே போன பிறகு ஒருநாள் அந்தக் கருவி கத்தியது. நாள்கணக்கில் பாடுபட்டு ஒரே பக்கம் திருப்பி வைத்திருந்த எரிபொருள் உருண்டையை வேறு கலத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். கசிவு எதுவும் இல்லை, கருவியில்தான் கோளாறு. திரும்பி வந்து பார்த்தால் உருண்டை சூடேறி வரிசை மொத்தமும் கலைந்திருந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாமே என்று கூட வேலை பார்க்கும் ஒருவர் முணுமுணுத்தார். அம்மாவுக்குப் போன் போட்டு, ஓடிவந்துவிட்டேன் என்றேன். "சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது புதிதாக வருகிறவர்கள் இந்த வேலையில் ஆபத்து உண்டா என்று கேட்டால் முதலில் சுவரில் இருக்கும் கருவியையும், அது கத்தினால் ஓடவேண்டிய வாசலையும் காட்டுகிறேன்; ஒன்றும் ஆகாது என்ற வார்த்தை மட்டும் என் வாயில் வருவதில்லை.